பிரசவ அறையா, கிளினிக்கா?

வெள்ளைமணல்: மூண்டு வருஷ தாதியர் டிப்ளோமா முடிச்சு, திருகோணமலையில வேலை செய்யிற பிள்ளை ஒராள் அமெரிக்காவில மேல படிக்க யோசிக்கிறா. பிரசவம் பார்க்கிற நேர்ஸ் மிட்வைஃபா, கிளினிக்கில பெண்களைப் பரிசோதிச்சு மருந்து எழுதுற பெண்கள் நல நேர்ஸ் பிராக்டிஷனரா?

உப்புவெளி: யோசிக்க என்ன இருக்கு, மிட்வைஃப்தான். கர்ப்பம், பிரசவம், கருத்தடை, மாதவிடாய் நிண்ட பிறகான பராமரிப்பு, பிறந்த பிள்ளையின்ர முதல் 28 நாள், எல்லாம் அதுக்குள்ள வருது. 50 மாநிலத்திலயும் மருந்தும் எழுதலாம். மற்ற படிப்பில பிரசவம் பார்க்கேலாது. ரெண்டும் மாஸ்டர்ஸ்தானே, பிறகேன் அரைவாசி வேலை?

கொட்டியாபுரம்: அரைவாசி வேலையா? கூப்பிட்டால் இரவிலும் ஓட வேண்டிய ஒன்-கோல் இல்லாததே பலருக்குப் பெரிய லாபம். கிளினிக் வேலை லேசு என்பவர்கள் நம் சுகவனிதையர் கிளினிக்கில் ஒரு பாப் ஸ்மியர் (கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தேட அங்குள்ள கலங்களை, அதாவது செல்களை, எடுக்கும் சோதனை) எடுத்துப் பார்க்கட்டும். யோனியை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலத்தில் ஜெல்லியை அள்ளிப் பூசினால் கலங்கள் மறைந்துவிடும். கலங்களைச் சுரண்டும் ஸ்பாட்சுலாவை 360 பாகை சுழற்றாவிட்டால் ஒரு பக்கம் விடுபடும். தடவிய கண்ணாடியை உடனே 95 வீத எதனோலில் இடாமல் பெயர் எழுதிக்கொண்டிருந்தால், கலங்கள் காய்ந்து உருக்குலையும். பெயரை முன்கூட்டியே பென்சிலால் எழுதி வைக்க வேண்டும். ஸ்மியர் பழுதென்றால் மூதூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த பெண் இரண்டாம் முறை வருவாரா?

உப்புவெளி: அதை மிட்வைஃபும் செய்வா. பிரசவ அறையை மற்றவ செய்வாவோ? பிள்ளை பிறந்து ஒரு நிமிஷத்துக்குள்ள ரத்தப்போக்கைத் தடுக்கிற ஒக்சிடோசின் 10 அலகு தசையில ஏத்தவேணும். ரத்தம் 500 மில்லிலீற்றர் தாண்டினா ஆபத்து. துணியில ஊறினதைக் கண்ணால பார்த்தா பெரும்பாலும் குறைச்சுத்தான் தெரியும். துணியை நிறுத்து, காய்ஞ்ச துணியின்ர எடையைக் கழிக்கவேணும், ஒரு கிராம் ஒரு மில்லிலீற்றர். இந்தக் கைப்பழக்கம் இங்க சம்பூர்க் கிராமத்திலயும் உதவும். பிராக்டிஷனர் எண்ட பதவியே இலங்கையில இல்லை!

கொட்டியாபுரம்: அமெரிக்க மிட்வைஃபுக்கும் இங்கே அதே பதவி இல்லையே. நம் பொதுச் சுகாதார மருத்துவமாதின் பயிற்சி 18 மாதம். வீடு வீடாகப் போவது அவர் வேலையின் பெரிய பங்கு. கிளினிக் பக்கத்தை ஒப்பிடுவதென்றால் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையின் பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரியைத்தான் சொல்ல வேண்டும்.

கடல்முகம்: ரெண்டு பேரும் முதல் படியை விட்டுட்டீங்கள். வெறும் டிப்ளோமாவோட மாஸ்டர்ஸுக்குப் பெரும்பாலான இடத்தில எடுக்கமாட்டாங்கள். வேலையில இருந்துகொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில தாதியியல் பட்டம் முடிக்கலாம். பிறகு சான்றிதழ் மதிப்பீடு, ஆங்கிலத் தேர்வு, அமெரிக்க நேர்ஸ் உரிமத் தேர்வான என்கிளெக்ஸ். அந்த மதிப்பீட்டுக்காகத் தாதியர் கல்லூரியில கடிதம் கேக்கேக்க மகப்பேறு, சிறுவர், மனநலம் எண்டு பாடவாரியா வகுப்பு மணித்தியாலமும் வார்டு மணித்தியாலமும் தனித்தனியா வேணும் எண்டு கேளுங்கோ. மொத்தத்தை மட்டும் எழுதிக் குடுத்தா கோப்பு திரும்பி வரும்.

இன்னொண்டு, கொட்டியாபுரம் அண்ணை: அங்க கன கிளினிக்குகள் பெண்கள் நல பிராக்டிஷனரை விடக் குடும்ப நேர்ஸ் பிராக்டிஷனரைத்தான் தேடும், ஆம்பிளை, பிள்ளையள் எல்லாரையும் பார்ப்பினம் எண்டு.

கொட்டியாபுரம்: உண்மைதான். அதற்காகப் பிரசவ அறையில் ஆர்வமில்லாதவரை அங்கே தள்ளக்கூடாது. அந்தப் பிள்ளைக்கு இரவு வேலை ஒத்துவருமா என்று முதலில் கேட்டுச் சொல்லுங்கள், வெள்ளைமணல்.