ஒதுக்குப்பாட்டு, விடுபாட்டு, பெயர்பாட்டு: இசைநாடகத்தில் இடமிழந்த பாட்டுகளுக்குச் சொல்

மயிலாடுதுறையிலிருந்து:

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

இசைநாடகம் ஒன்றுக்காக இயற்றி, மெட்டமைத்து, ஒத்திகையும் பார்த்த பிறகு எடுத்துவிடப்பட்ட பாட்டை எந்தச் சொல்லால் குறிப்பது என்று கும்பகோணத்து நண்பர் கேட்டிருந்தார். அரங்கக் கலைச்சொல் பட்டியலுக்கு ஒரே சொல் போதும் என்பது அவருடைய எண்ணம். இதுவரை வந்த நான்கு சொற்களையும் பார்த்தேன். பாட்டுக்கு என்ன ஆயிற்று என்பதை நான்கும் சொல்கின்றனவே தவிர, யாரால் ஆயிற்று என்பதை ஒன்றும் சொல்லவில்லை. நண்பர் தம் மடலின் பின்பாதியில், அப்படிப்பட்ட பாட்டை மறுபடி மேடையில் சேர்க்கலாமா என்றும் கேட்கிறார். அதற்கான விடை முழுக்க முழுக்க அந்த ‘யாரால்’ என்பதையே பொறுத்திருப்பதால், ஒரு சொல் போதாது என்பது என் கட்சி.

வந்த சொற்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ‘வெட்டுப்பாட்டு’ என்றால் தணிக்கைக் குழுவின் கத்தரிதான் நினைவுக்கு வரும். ‘நீக்கப் பாடல்’ அரசு தடை விதித்ததைப் போல இருக்கிறது. மன்னார்குடி அம்மையார் எழுதிய ‘களைபாட்டு’ நம் பக்கத்தார் எவருக்கும் உடனே புரியும் என்றாலும், எடுத்தவர்கள் அந்தப் பாட்டைப் பழித்ததாக ஆகிவிடும். நான்காவதான ‘மிகைப்பாடல்’ தமிழறிஞர்களிடம் வழங்கும் நல்ல சொல்தான், ஆனால் அதற்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. கம்பராமாயணப் பதிப்புகளில் மிகைப்பாடல்கள் என்று தனியே வைக்கப்படுபவை, கம்பர் வாக்கல்ல என்று பதிப்பாசிரியர்கள் ஐயுற்றவை. பிறர் கொண்டுவந்து சேர்த்தவை என்று கருதப்படுபவை. நாம் பேசுவதோ ஆசிரியருடையது என்பதில் ஐயமே இல்லாத பாட்டு. சேர்ந்ததற்கும் போனதற்கும் ஒரே பெயரை வைத்தால், நாடகப் பிரதியைப் பதிப்பிக்கப் புகும் மாணவர் முதல் பக்கத்திலேயே தடுமாறுவார்.

‘யாரால்’ என்பதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் காரணம். வலங்கைமான் பக்கத்தில், நடிகர்களை இரவுக்கு இரவு தனித்தனியே அமர்த்தி நடத்தும் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்துவந்த ஒருவரின் பைண்டு நோட்டு அவருடைய பேரன் வீட்டில் இருக்கிறது. அதில் ‘வள்ளி திருமணம்’ எழுதியிருக்கும் பக்கங்களில் சில பாட்டுகளின் குறுக்கே பென்சிலால் சாய்கோடு இழுத்திருக்கிறது. ஒரு பாட்டின் ஓரத்தில் ‘மணி 3’ என்று குறித்திருக்கிறார். இன்னொன்றில் ‘நாரதர் தொண்டை சரியில்லை’ என்று இருக்கிறது. மூன்றாவதில் காரணம் எதுவும் எழுதவில்லை, ஆனால் கோட்டை ரப்பரால் அழித்து, மறுபடி இழுத்து, மறுபடியும் அழித்ததில் தாள் மெலிந்து, பின்பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரிகிறது. அந்த நாடகத்தை எழுதி, 1922-இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளுக்கும் இந்தக் கோடுகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இராப்பொழுது போதாமையும் நாரதரின் தொண்டையும் செய்த வேலை அது. இதையும், ஆசிரியரே ‘இந்தப் பாட்டு இங்கே நிற்கவில்லை’ என்று கண்டு எடுத்ததையும் ஒரே சொல்லால் குறித்தால் அந்தச் சொல்லால் யாருக்கும் பயனில்லை.

ஆசிரியரே எடுத்ததற்குச் சான்று நம் பக்கத்தில் அரிது. அச்சேறாத முதற்படிகள் நமக்குக் கிடைப்பதில்லை. அமெரிக்க இசைநாடகத்தில் அது ஏராளம். அங்கே ஒரு நாடகத்தை நியூயார்க்கில் அரங்கேற்றுவதற்கு முன் பாஸ்டன், வாஷிங்டன் போன்ற ஊர்களில் வெள்ளோட்டம் விடுவது வழக்கமாக இருந்தது. அவையோர் எங்கே நெளிகிறார்கள் என்று பார்த்து, விடுதி அறையில் இரவோடு இரவாகப் பாட்டை மாற்றுவார்கள். இசையமைப்பாளர் ஸ்டீபன் சோண்ட்ஹைம் 1962-இல் பாட்டமைத்த ரோமானிய நகைச்சுவை நாடகம் ஒன்று வெள்ளோட்டத்தில் எடுபடவில்லை. வந்து பார்த்த இயக்குநர் ஜெரோம் ராபின்ஸ், தொடக்கப் பாட்டு மென்மையான காதல் பாட்டாக இருப்பதால் வரப்போவது கூத்தும் கும்மாளமும் என்று அவைக்குத் தெரியவில்லை என்றார். அந்தப் பாட்டு போய், ‘காமெடி டுநைட்’ அதன் இடத்தில் வந்தது, நாடகமும் பிழைத்தது. போன பாட்டு அழகான பாட்டுதான். அதை மறுபடி சேர்க்க வேண்டும் என்று இன்று ஒருவர் கிளம்பினால் எங்கே சேர்ப்பார்? நாடகத்துக்கு இரண்டு வாசல் வைக்க முடியாது.

இப்படிப் படைத்தவர்களே அரங்கேற்றத்துக்கு முன் எடுத்துவிட்ட பாட்டை ‘ஒதுக்குப்பாட்டு’ எனலாம் என்பது என் முன்மொழிவு. ஒதுக்குதல் என்பதில் விலக்கி வைப்பதும் உண்டு, பின்னால் வேண்டியிருக்கும் என்று எடுத்து வைப்பதும் உண்டு. பட்ஜெட்டில் ஒதுக்குவதும் ஒதுக்கல்தானே. நாடகப் பாட்டைக் குறிக்கும் நம் மரபுச் சொல்லான ‘தரு’வை வைத்து ‘ஒதுக்குத்தரு’ என்றும் எழுதிப் பார்த்தேன். வனத்துறைக் கோப்பில் வரும் சொல்லைப் போல ஒலித்ததால் விட்டுவிட்டேன்.

அரங்கேறிப் பாடப்பட்டும், பின்வந்த வழக்கத்தில் நேரம், குரல், அவையின் மாறிய சுவை இவற்றால் மேடையிலிருந்து நழுவியது ‘விடுபாட்டு’. நோட்டிலோ அச்சுப் புத்தகத்திலோ இருந்து மேடையில் இல்லாதது என்பது இதன் இலக்கணம். இதற்கு நம்மிடம் உள்ள பெரிய எடுத்துக்காட்டு அருணாசலக் கவிராயரின் இராமநாடகம். தில்லையாடியில் 1711-இல் பிறந்து சீர்காழியில் வாழ்ந்த அவர் இயற்றிய தருக்களுக்கு, சட்டநாதபுரத்தைச் சேர்ந்த மாணவர்கள் இருவர் இசையமைக்க உதவினார்கள் என்பது வழிவழியாக அறிந்த செய்தி. புத்தகத்தில் தருக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ‘யாரோ இவர் யாரோ’ போலச் சிலவற்றைத்தான் கச்சேரிகளில் கேட்கிறோம், அதுவும் நாடகத்திலிருந்து பிரிந்த தனிப்பாட்டாக. புத்தகத்தில் தலைப்பில் அச்சிட்டிருக்கும் இராகமும் இன்று பாடும் இராகமும் பலவற்றில் வேறு வேறு.

மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. அமெரிக்க இசையமைப்பாளர் ஜெரோம் கெர்ன் 1918-இல் மேடையேறிய ஒரு நாடகத்துக்கென மெட்டமைத்து, ஆங்கில எழுத்தாளர் வோட்ஹவுஸ் சொல் எழுதிய ‘பில்’ என்ற பாட்டு அந்த நாடகத்தில் பயன்படாமல் போயிற்று. 1927-இல் ‘ஷோ போட்’ நாடகத்தில் சொற்களைச் சற்றே திருத்திச் சேர்த்தபோது அது நிலைத்துவிட்டது. நாற்றங்காலில் பறித்து வேறு வயலில் நட்ட நாற்று வேர்பிடிப்பதைப் போன்றது இது. ‘நடவுப்பாட்டு’ என்று சொல்ல ஆசைதான், ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர்கள் வயலில் இருக்கிறார்கள். ஆகவே இடம்பெயர்ந்தது என்ற பொருளில் ‘பெயர்பாட்டு’ என்று வைக்கலாம்.

இனி, மறுபடி சேர்க்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். ‘மீட்பு’ என்ற சொல்லை இரண்டு செயல்களுக்கும் பொதுவாக எழுதிவருகிறோம். அதைப் பிரிக்க வேண்டும். தொலைந்த பாட்டைத் தேடி எடுத்து அச்சிடுவதும் ஒலிப்பதிவு செய்வதும் மீட்பு. நாடகத்துக்குள் மறுபடி வைத்து நடிப்பது மறுசேர்ப்பு. மீட்பு எல்லாப் பாட்டுக்கும் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. நியூஜெர்சியின் சிகாகஸ் என்ற ஊரில் ஒரு கிடங்கில் 1982-இல் கெர்ன், கெர்ஷ்வின் முதலியோரின் கையெழுத்துப் படிகள் பெட்டி பெட்டியாகக் கிடைத்தன. அவை கிடைத்திராவிட்டால் எந்தப் பாட்டு எதற்காகப் போயிற்று என்று பேசுவதற்கே இடமிருந்திருக்காது.

மறுசேர்ப்பு அப்படியல்ல. விடுபாட்டை மறுபடி சேர்க்கலாம் என்பதே என் முதல் எண்ணம், ஏனென்றால் அதை எடுத்தவர் ஆசிரியர் அல்லர். ஒதுக்குப்பாட்டைச் சேர்க்கக் கூடாது என்பதே முதல் எண்ணம், ஏனென்றால் எடுத்தவர் அவரே. ஆனால் இரண்டாவதற்கு விலக்கு உண்டு, அதையும் ‘ஷோ போட்’ நாடகமே காட்டுகிறது. வாஷிங்டன் வெள்ளோட்டத்தில் நாடகம் அளவுமீறி நீண்டதால், கறுப்பின மக்கள் வரப்போகும் துயரத்தை உணர்ந்து பாடும் நீண்ட பாட்டு ஒன்று எடுக்கப்பட்டது. அதன் மெட்டைக் கெர்ன் கைவிடவில்லை; தொடக்க இசையிலும் பின்னணியிலும் அதை வைத்திருந்தார். பாட்டு போன பிறகும் அதன் மெட்டு நாடகம் நெடுக நடமாடுகிறதென்றால், எடுத்ததற்குக் காரணம் கடிகாரம் என்பது இசைப்படியிலேயே தெரிகிறது. 1988-இல் வந்த முழுமையான ஒலிப்பதிவிலும், 1994-இல் இயக்குநர் ஹெரால்ட் பிரின்ஸ் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் மறுபடி மேடையேற்றியபோதும் அந்தப் பாட்டைச் சேர்த்தது சரியென்றே நான் கொள்கிறேன்.

சோண்ட்ஹைமின் ‘கம்பெனி’ (1970) இன்னொரு மாதிரி. அதன் முடிவுக்கென எழுதி ஒதுக்கிய பாட்டுகளில் ஒன்று, பிற்கால மேடையேற்றங்களில் முதற்பாகத்தின் இறுதிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டது. ஆசிரியர் உயிரோடு இருந்து ஒப்புக்கொண்ட மறுசேர்ப்பு அது. நாம் அதை முன்மாதிரியாகக் கொள்வதற்கில்லை.

அன்புடன்.

*

திருவாரூரிலிருந்து மறுமொழி:

மயிலாடுதுறை ஐயா அவர்களுக்கு வணக்கம்.

பிரித்துப் பார்ப்பது நன்றாகவே இருக்கிறது. ஆனால் எழுதி முடித்த பிரதி, அரங்கேற்ற நாள், அதற்கு முன், அதற்குப் பின் என்பதெல்லாம் டிக்கெட் விற்கும் அரங்குக்குப் பொருந்தும். நம் ஊர்களில் நாடகம் கோயிலைச் சார்ந்தது. நரசிம்ம ஜயந்தியை ஒட்டி மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகத்தில் கோணங்கி வந்து, தோடய மங்களம் என்ற தொடக்க வாழ்த்தைப் பாடி, பிள்ளையார் வேடம் வந்துபோன பிறகுதான் கதையே தொடங்கும். அங்கே ஓராண்டு நேரம் போதாமல் ஒரு தருவைப் பாடாமல் விட்டு, அடுத்த ஆண்டு பாடினால், அந்த ஓராண்டுக்கு மட்டும் அது விடுபாட்டா? வலங்கைமான் நோட்டில் அழித்து அழித்து எழுதிய மூன்றாவது பாட்டை எந்த வகையில் வைப்பீர்கள்?

இன்னொன்று. விடியவிடிய நடந்த நாடகம் சுருங்கியதற்குச் சுவை மாறியது மட்டும் காரணமன்று. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்குமேல் பொதுவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. விழாக்களுக்கு அரசு தளர்வு கொடுத்தாலும் நள்ளிரவோடு சரி. இரவு 10 மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடப்பதை வழக்கமாகக் கொண்ட நாடகத்தில் விடுபாட்டுகளை மறுபடி சேர்க்கச் சொன்னால், எந்த நேரத்தில் பாடுவது? ஒன்றைச் சேர்க்க இன்னொன்றை எடுக்க வேண்டிவரும். அப்படிப் போவதும் விடுபாட்டாகும்.

பணிவன்புடன்.

*

மயிலாடுதுறையிலிருந்து:

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

முதல் கேள்வி நியாயமானது. ஆண்டுக்கு ஆண்டு மாற்றிப் பாடுவது விடுபாட்டாகாது. பாடுபவருக்கு மெட்டு நினைவிருக்கும்வரை அது வழக்கில் உள்ள பாட்டுதான். ‘பாடும் மரபு அறுந்து, ஏட்டில் மட்டும் எஞ்சியது’ என்று விளக்கக் குறிப்பை இறுக்கிவிடுகிறேன். அந்த மூன்றாவது பாட்டு அப்போது விடுபாட்டன்று. கோடு அழிந்த இரவுகளில் அதைப் பாடியிருப்பார்கள். இன்று பாடுவார் இல்லையென்றால், இன்றைக்கு விடுபாட்டு.

இந்தத் திருத்தத்தால் இன்னொன்றும் வெளிப்படுகிறது. மெட்டும் மரபோடு போய்விட்ட விடுபாட்டுக்கு, அதாவது இராமநாடகத்தின் பெரும்பாலான தருக்களுக்கு, நாம் செய்யக்கூடியது மறுசேர்ப்பே ஆகாது. சொல்லும், இராகம் தாளத்தின் பெயரும்தான் கையில் இருக்கின்றன. பாடப்போவது இன்றைய வித்துவான் போட்ட மெட்டு. அதைச் செய்யட்டும், கேட்க நானும் முதல் வரிசையில் உட்காருவேன். ஆனால் அழைப்பிதழில் ‘மீட்கப்பட்ட தரு’ என்று போடாமல் ‘புதுமெட்டு’ என்று போட வேண்டும்.

நேரத்தைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் முழு விடை இல்லை. நாடகத்துக்குள் எல்லாவற்றையும் திணிப்பதைவிட, நாடகம் நடக்கும் நாளின் மாலையில் கோயில் மண்டபத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் ஆர்மோனியமும் மிருதங்கமும் வைத்து விடுபாட்டுகளை மட்டும் பாடலாம். கதையின் எந்த இடத்தில் வருவது என்று வாத்தியார் இரண்டு வார்த்தை சொன்னால் போதும். இரவு நாடகத்தில் அந்த இடம் வரும்போது, பாட்டு அங்கே வேண்டுமா வேண்டாமா என்பதைக் கேட்டவர்களே சொல்லிவிடுவார்கள்.

*

கும்பகோணத்திலிருந்து:

மூன்று சொற்களையும் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன் ஐயா. எழுத்தில் ஒரு சிக்கல். விடுபாட்டு, பெயர்பாட்டு இரண்டும் வினைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது. அவற்றோடு ஒத்துப்போக ‘ஒதுக்குபாட்டு’ என்று எழுதுவதா, ‘ஒதுக்குப்பாட்டு’ என்று எழுதுவதா?

*

மயிலாடுதுறையிலிருந்து:

ஒற்று மிகட்டும் ஐயா. வினைத்தொகையாக எழுதினால் ஒதுக்கிய, ஒதுக்குகின்ற, ஒதுக்கும் என்று முக்காலமும் வந்து சேர்ந்துவிடும். இங்கே ஒதுக்கியது அரங்கேற்றத்துக்கு முன் ஒரே முறைதான். ‘ஒதுக்குப்புறம்’ என்பதில் உள்ளதைப் போல ஒதுக்கு என்பதைப் பெயராகவே கொள்ளலாம். வன்றொடர்க் குற்றியலுகரமாதலால் பகரம் மிகும்.