அவன் எழும்பினானா, அப்பா ஓடினாரா?

படலையடி | வெள்ளி இரவு 8.12

போன கிழமை ஒரு மரண அறிவித்தலின் கீழே வட்டுக்கோட்டை மாஸ்ரர் எழுதியது இது: "எனக்கு இரட்சிப்பின் நிச்சயம் உண்டு என்று சொல்பவன் அகந்தைக்காரன். கெட்ட குமாரன் எழுந்து வந்தபடியால்தான் தகப்பன் ஓடினார். எழும்பாதவனுக்காக ஓட அவருக்கென்ன விசரா?"

செத்தவீட்டில் கொழுவக் கூடாது என்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்றாம் நாள் வரை பொறுக்க என்னால் முடியாது. மாஸ்ரர், சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பின அந்த மகனைப் பற்றி இயேசு சொன்ன உவமை லூக்கா 15 இல் இருக்கிறது, வடிவாக வாசியுங்கோ. அவன் தூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டார் என்று இருக்கிறது. தூரத்தில் வருகிறவனைக் காண வேண்டுமென்றால் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். மகன் வாய் திறக்க முன்னமே ஓடி, கட்டிப்பிடித்து, முத்தமும் கொடுத்தாயிற்று. மன்னிப்புக் கேட்டது அதற்குப் பிறகு. 20 ஆம் வசனம் முதல், 21 பிறகு. எண்ணத் தெரிந்தால் போதும்.

வட்டுக்கோட்டை மாஸ்ரர் | வெள்ளி இரவு 8.31

தம்பிக்கு 20 ஆம் வசனத்தின் பின்பாதி மட்டும் பாடம். முன்பாதி: "எழுந்து புறப்பட்டு, தன் தகப்பனிடத்தில் வந்தான்." எழுந்து. புறப்பட்டு. வந்தான். மூன்று வினை, மூன்றும் மகனுடையவை. 34 வருடம் தமிழ் படிப்பித்தவன் நான். எழுவாய் யார் என்று சொல்லும், பிறகு கதைப்போம்.

ஸ்காபரோ செல்வன் | வெள்ளி இரவு 8.40

ஆமென் படலையடி அண்ணை! கிருபை கிருபை கிருபை! நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார், ரோமர் 5:8. எழும்பின பிறகு இல்லை, பாவிகளாயிருக்கையில்!!!

வட்டுக்கோட்டை மாஸ்ரர் | வெள்ளி இரவு 8.44

ஆச்சரியக்குறி மூன்று போட்டால் வினைச்சொல் மாறாது. எழுந்து வந்தானா, இல்லையா?

பாசையூரான் | வெள்ளி இரவு 9.05

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கத்தோலிக்கர் நாங்கள் இதை 'ஊதாரி மைந்தன்' என்றுதான் சொல்லுவோம். 'கெட்ட குமாரன்' என்று தலைப்பிலேயே பெடியனுக்குத் தீர்ப்பெழுதினது நீங்கள்.

மாஸ்ரர் சொல்வது முழுப் பிழையும் இல்லை. 1547 இல் எங்கள் திருச்சபையின் பேரவையான திரிதெந்து சங்கம், தான் அருள்நிலையில் இருப்பதாக ஒருவனும் விசுவாசத்துக்குரிய பிழையற்ற நிச்சயத்தோடு அறிய முடியாது என்றது. ஆனால் அதே சங்கம், அந்த முதல் அருள் மனிதன் உழைத்துச் சம்பாதிப்பது அல்ல என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள்.

படலையடி | வெள்ளி இரவு 9.11

அப்ப நிச்சயமும் இல்லை, சம்பளமும் இல்லை. பிறகு மனுஷன் எதைப் பிடித்துக்கொண்டு நித்திரை கொள்வது?

பாசையூரான் | வெள்ளி இரவு 9.15

நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு. நீங்கள் நிச்சயம் என்று சொல்வதை நாங்கள் நம்பிக்கை என்கிறோம். 1999 இல் அவுக்ஸ்பூர்க்கில் லுத்தரன்காரரும் கத்தோலிக்கரும் இதைப் பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்தே வைத்துவிட்டார்கள். 2006 இல் மெதடிஸ்தக்காரரும் சேர்ந்துகொண்டார்கள். யாழ்ப்பாணத்துக்கு இன்னும் தபால் வரவில்லைப் போல.

சுண்டிக்குளியாள் | வெள்ளி இரவு 9.20

ஒரு சின்னக் கேள்வி. கிருபை என்று நீங்கள் எல்லாரும் சொல்வது ஒரே பொருளைத்தானா? அதைச் சொல்லிவிட்டுச் சண்டை பிடித்தால் என்ன?

வட்டுக்கோட்டை மாஸ்ரர் | வெள்ளி இரவு 9.22

கூட்டறிக்கையில் 'எழுந்து' என்ற சொல்லை வெட்டிவிட்டார்களோ? இல்லைதானே. எழுந்து வந்தானா, இல்லையா? இதற்கு ஒரு சொல்லில் பதில் வேண்டும்.

படலையடி | வெள்ளி இரவு 9.37

சரி, ஒரு சொல்: பசி.

அவனை எழுப்பினது பசி. பன்றிக்குப் போடுகிற தவிடுகூட அவனுக்குக் கிடைக்கவில்லை. அப்பா வீட்டுக் கூலிக்காரர் வயிறாரச் சாப்பிடுகிறார்கள், நான் இங்கே பசியால் சாகிறேன் என்றுதான் யோசித்தான். வழியில் ஒரு பேச்சையும் பாடமாக்கிக்கொண்டு வந்தான்: "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்." அதாவது வேலை செய்து கடனை அடைக்கிற திட்டம். மாஸ்ரருக்குப் பிடித்த திட்டம். இப்போது 21 ஆம் வசனத்தைப் பாருங்கோ. அந்தக் கூலிக்கார வரி அங்கே இல்லை. அதைச் சொல்ல அப்பா இடமே கொடுக்கவில்லை. உயர்ந்த வஸ்திரம், மோதிரம், பாதரட்சை என்று வேலைக்காரருக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

உரிமைக் காணியை வித்துப்போட்டுப் போன பெடியனுக்காக வெள்ளை வேட்டியோடு படலையைத் தாண்டி ஓடின அப்பா ஒருவரையாவது யாழ்ப்பாணத்தில் காட்டுங்கோ. எங்கள் அப்பாமார் விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி "ஆரது?" என்று கேட்பார்கள். அதுவும் தெரிந்துகொண்டே.

நல்லூரடியான் | வெள்ளி இரவு 9.52

சைவப் பழம் ஒன்று உள்ளே வரலாமா? உங்கள் சண்டையை எங்கள் ஆட்கள் எப்போதோ பிடித்துவிட்டார்கள். வைணவத்தில் வடகலையார் குரங்குக் குட்டி என்றார்கள்: குட்டிதான் தாயை இறுகப் பிடிக்க வேண்டும். தென்கலையார் பூனைக் குட்டி என்றார்கள்: குட்டி சும்மா கிடக்கும், தாய் கவ்விக்கொண்டு போகும். மாஸ்ரர் குரங்கு, படலையடி பூனை.

மணிவாசகர் ஒரே வரியில் முடித்தார்: "அவனருளாலே அவன்தாள் வணங்கி." வணங்குவது நான்தான். வணங்க வைத்ததும் அவன் அருள். "நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்குத் தாயிற் சிறந்த தயா" என்றும் பாடினார். கிடந்தவன், மாஸ்ரர். எழுந்தவன் இல்லை.

வட்டுக்கோட்டை மாஸ்ரர் | வெள்ளி இரவு 9.58

என்னைக் குரங்கு என்றதை மட்டுறுத்துநர் கவனிக்கவும். திருவாசகத்தில் எழுந்து என்று இல்லாவிட்டால் அது திருவாசகத்தின் விஷயம். லூக்காவில் இருக்கிறது.

ஸ்காபரோ செல்வன் | வெள்ளி இரவு 10.03

நல்லூரடியான் அண்ணை, அருளும் கிருபையும் ஒன்றில்லை. நல்வினை தீவினை இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிற இருவினையொப்பு, மலம் பக்குவப்படுகிற மலபரிபாகம் எல்லாம் வந்த பிறகுதானே உங்களுக்குச் சத்திநிபாதம், சிவனின் அருள் இறங்குவது? பக்குவப்பட்டவனுக்குத்தான் கிடைக்கும். கிருபை பக்குவம் பார்க்காது.

நல்லூரடியான் | வெள்ளி இரவு 10.10

பக்குவப்படுத்துவதும் அருள்தான் தம்பி. சித்தாந்தம் ஒரு வரியில் வராது. கனடாவில் யாரோ எழுதிய துண்டுப்பிரசுரத்தில் நிச்சயம் வராது. அதுசரி, நீங்கள் வாசிக்கிற வேதாகமத்தின் தமிழே நாவலர் போட்ட பிச்சை.

வட்டுக்கோட்டை மாஸ்ரர் | வெள்ளி இரவு 10.19

பிழை. நாவலர் பெர்சிவல் பாதிரியாருடன் வேலை செய்த மொழிபெயர்ப்பு 1850 இல் வந்தது. அதைப் 'பரீட்சைப் பதிப்பு' என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள். நாங்கள் வாசிப்பது பவர் ஐயர் குழுவினுடையது, 1871. பிச்சை என்ற சொல்லை வாபஸ் வாங்கவும்.

நல்லூரடியான் | வெள்ளி இரவு 10.23

போன மாதம் உடுவில் பெண்கள் பாடசாலை 1816 இல் தொடங்கியது என்று நின்று பிடித்தவரும் நீங்கள்தானே. 1824 என்று காட்டின பிறகு மூன்று நாள் ஆளைக் காணவில்லை.

வட்டுக்கோட்டை மாஸ்ரர் | வெள்ளி இரவு 10.25

1816 அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணம் வந்த வருடம். கை தவறிவிட்டது. தலைப்புக்கு வாருங்கள். எழுந்து வந்தானா?

படலையடி | வெள்ளி இரவு 10.34

அமெரிக்க மிஷன் என்று நீங்களே வாயைக் கொடுத்தீர்கள். அவர்களை அனுப்பின சங்கத்தார் சீர்திருத்தக்காரர் கல்வினின் வழி வந்தவர்கள். மனிதன் தானாக எழும்ப மாட்டான், பாவத்தில் மரித்துக் கிடக்கிறான் என்று போதித்தவர்கள். அவர்கள் நடத்தின வட்டுக்கோட்டைச் செமினறியில், 1823 இல், நீங்கள் போய் "எழும்பினது நான்தான்" என்று சொல்லியிருந்தால் வெளி விறாந்தையில் இருத்தியிருப்பார்கள்.

அப்புறம் இன்னொன்று. லூக்கா 15 இல் கதை ஒன்றில்லை, மூன்று. ஆடு தொலைந்தது. வெள்ளிக்காசு தொலைந்தது. காசு எழும்பி வந்ததோ மாஸ்ரர்? விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கித் தேடினது அந்த மனுஷி. காசு செய்த ஒரே வேலை தொலைந்ததுதான்.

வட்டுக்கோட்டை மாஸ்ரர் | வெள்ளி இரவு 10.41

காசுக்குக் கால் இல்லை. மகனுக்கு இருந்தது. அதனால் எழுந்தான். அதோடு இயேசு அந்தக் காசின் கதையை எப்படி முடித்தார்? "மனந்திரும்புகிற ஒரே பாவியினிமித்தம்" என்று. மனந்திரும்புகிற! அதுவும் வினை!

ஸ்காபரோ செல்வன் | வெள்ளி இரவு 10.42

மாஸ்ரருக்கும் ஆச்சரியக்குறி வந்துவிட்டது!!!

பாசையூரான் | வெள்ளி இரவு 10.50

யோவான் 11 இல் லாசரும் எழும்பினான், வெளியே வந்தான். நாலு நாள் செத்துக் கிடந்தவன். எழுவாய் லாசர்தான், மாஸ்ரர். அவனுடைய முயற்சிக்குப் பரிசு ஏதும் வைத்திருக்கிறீர்களோ?

வட்டுக்கோட்டை மாஸ்ரர் | வெள்ளி இரவு 10.56

லாசரைக் கூப்பிட்டார்கள். இவனை யாரும் கூப்பிடவில்லை. தானாக எழுந்தான். நீர் எனக்குத்தான் உதவி செய்கிறீர், நன்றி.

சுண்டிக்குளியாள் | வெள்ளி இரவு 11.08

என் கேள்வியை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. பரவாயில்லை. ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

அம்மா கடைசி ஏழு மாதமும் படுக்கையில். அறுபது வருடம் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போன மனுஷி. ஒரு நாள் ஊழியர் ஒருவர் ஜெபிக்க வந்தார். ஆர் என்று சொல்ல மாட்டேன். "அம்மா, ஒப்புக்கொடுக்காத பாவம் ஏதும் இருக்கோ என்று யோசித்துப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு, பிளேன்ரீயும் குடித்துவிட்டுப் போனார். அதன் பிறகு அம்மாவுக்கு நித்திரை இல்லை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் தென்மராட்சிக்கு நடந்தபோது, வழியில் தண்ணீர் கேட்ட ஒரு கிழவிக்குக் கொடுக்காமல் போத்தலை எங்களுக்காக ஒளித்தாவாம். அதை இரவிரவாகச் சொல்லுவா. "எனக்கு அங்கே இடம் இருக்குமோ பிள்ளை?" என்று கேட்பா. எனக்குச் சொல்லத் தெரிந்தது, அப்பா படலையில் நிற்கிறார் அம்மா என்பது மட்டும்தான். பிடித்திருந்த என் கையை விட்டுவிட்டு, சிரித்தா. அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவேயில்லை.

எழும்பவே முடியாத மனுஷிக்கு உங்கள் 'எழுந்து' என்ன சொல்லும், மாஸ்ரர்?

வட்டுக்கோட்டை மாஸ்ரர் | வெள்ளி இரவு 11.30

தங்கச்சி, அம்மாவுக்காக வருந்துகிறேன். உண்மையாக. ஆனால் உவமையில் வருவது உடம்பு எழும்புவது இல்லை, மனம் எழும்புவது. உங்கள் அம்மா அந்தத் தண்ணீரை நினைத்து அழுதாவே, அதுதான் எழுந்து. நான் சொல்வதையே உங்கள் அம்மா நிரூபித்திருக்கிறா.

சுண்டிக்குளியாள் | வெள்ளி இரவு 11.32

என் அம்மாவை உங்கள் வினைச்சொல்லுக்கு உதாரணமாக்க வேண்டாம்.

படலையடி | வெள்ளி இரவு 11.36

மாஸ்ரர், அழுதபோது அவவுக்குச் சமாதானம் வந்ததோ? அப்பா நிற்கிறார் என்று கேட்டபோதுதானே வந்தது. சந்தோஷம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அக்காவே எழுதிவிட்டா.

அதுசரி, உங்களுக்குச் சந்தோஷம் என்றாலே பிடிக்காது. போன வருட அறுவடைப் பண்டிகையில் பெடியள் டிறம் அடித்ததற்கு நாலு பக்கக் கடிதம் எழுதின ஆள். 25 ஆம் வசனம்: மூத்த குமாரன் வயலிலிருந்து வந்து "கீதவாத்தியத்தையும் நடனக்களிப்பையும்" கேட்டான். கேட்டுக் கோபித்து, உள்ளே போக மாட்டேன் என்று வெளியே நின்றான். ஆரைப் போல இருக்கிறது?

வட்டுக்கோட்டை மாஸ்ரர் | வெள்ளி இரவு 11.49

ஆறு பக்கம். நாலு இல்லை. டிறம்மைப் பற்றி நான் சொன்னது, பாடலின் சொல் கேட்கவில்லை என்பது. சொல் கேட்காத ஆராதனையில் 'எழுந்து' எப்படிக் கேட்கும்? அதனால்தான் உமக்குக் கேட்கவில்லை.

ஸ்காபரோ செல்வன் | வெள்ளி இரவு 11.53

எங்கள் சபையில் இரண்டு டிறம் செட்.

பாசையூரான் | வெள்ளி இரவு 11.55

பெருமையோ அது? பழைய ஆட்கள் மாதா ஜெபத்தில் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று சொன்னபோது டிறம் இல்லை. சந்தோஷம் இருந்தது.

ஸ்காபரோ செல்வன் | வெள்ளி இரவு 11.57

பிரியதத்தம் என்றால் என்ன? மருந்தோ?

பாசையூரான் | சனி அதிகாலை 12.01

அதுதான் நீங்கள் இவ்வளவு நேரமும் கத்திய கிருபை. பிறகு 'அருள் நிறைந்த' என்று மாற்றினோம். எங்கள் பாட்டன் பாட்டி வாயில் இருந்த சொல்லை மருந்து என்றவனோடு எனக்குக் கதை இல்லை.

நல்லூரடியான் | சனி அதிகாலை 12.04

அருள் என்று மாற்றினது எங்கள் சொல்லை எடுத்துத்தான். பதிவுக்காக.

வட்டுக்கோட்டை மாஸ்ரர் | சனி அதிகாலை 12.10

நாலு மணித்தியாலம் ஆகிவிட்டது. படலையடிக்கு, செல்வனுக்கு, பாசையூரானுக்கு, சைவப் பழத்துக்கு, எல்லாருக்கும் ஒரே கேள்வி கேட்டேன். ஒருவரும் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. எழுந்து வந்தானா, இல்லையா?

படலையடி | சனி அதிகாலை 12.13

ஓம், எழுந்து வந்தான். தெருமுனை மட்டும். மிச்சத் தூரம் அப்பா ஓடினது.

வட்டுக்கோட்டை மாஸ்ரர் | சனி அதிகாலை 12.15

தெருமுனை என்று லூக்காவில் எங்கே இருக்கிறது? வசனம் தரவும்.

மட்டுறுத்துநர் | சனி அதிகாலை 12.20

குரங்கு, மருந்து, பிச்சை ஆகிய சொற்கள் வந்த பதிவுகள் பரிசீலனையில் உள்ளன. இழை காலை ஏழு மணி வரை பூட்டப்படுகிறது.

வட்டுக்கோட்டை மாஸ்ரர் | சனி காலை 7.00

வசனம் இன்னும் வரவில்லை.