ஓடிசி குறைபாடு: ஜீன் தெரபிக்குக் காத்திருக்கலாமா, கல்லீரல் மாற்றிவிடலாமா?

இரவுக்காவல்:
மகனுக்கு நாலு வயது. ஓடிசி என்சைம் குறைபாடு, அதாவது புரதத்திலிருந்து வரும் அம்மோனியாவைக் கல்லீரலில் யூரியாவாக மாற்ற உதவும் என்சைம் போதவில்லை. புரதத்தை அளந்துதான் கொடுக்கிறோம், அம்மோனியாவைக் குறைக்கும் சோடியம் பென்சோயேட் மருந்தும் போகிறது, ஆனாலும் ஒரு காய்ச்சல் வந்தால் போதும், அம்மோனியா ஏறிவிடுகிறது. டாக்டர் கல்லீரல் மாற்று பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ஏஏவி என்ற, நோய் உண்டாக்காத வைரஸ் வழியாகச் சரியான மரபணுவை ஏற்றும் ஜீன் தெரபி ஆய்வு மூன்றாம் கட்டம் வரை போயிருக்கிறது என்று படித்தேன். ஒரே ஊசியில் முடியும் என்றால் பொறுத்துப் பார்க்கலாமே?

ஈரல்ஆய்வு:
அந்த மூன்றாம் கட்டத்தில் 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைத்தான் சேர்த்தார்கள். ஏஏவி கொண்டுபோகும் மரபணு பெரும்பாலும் குரோமோசோமில் சேர்வதில்லை, உட்கருவுக்குள் தனியாகக் கிடக்கும், செல் பிரியும்போது நகலாகாது. உங்கள் பையனின் கல்லீரல் இன்னும் எவ்வளவோ வளர வேண்டியிருக்கிறது, வளர வளர மருந்து நீர்த்துக்கொண்டே போகும். சரி, இன்னொரு டோஸ் போடலாமே என்றால், முதல் டோஸுக்கே உடம்பு எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கிவிடும், அடுத்த முறை வைரஸ் கல்லீரலை எட்டுவதே கஷ்டம். 'ஒரே ஊசி' என்று விளம்பரம் போலச் சொல்வதன் மறுபக்கம் இது.

மூன்றெழுத்து:
ஏஏவியோடு கதை முடியவில்லையே. சிபிஎஸ்1 என்ற இன்னொரு என்சைமின் குறைபாடும், அம்மோனியாவை யூரியாவாக்கும் இதே யூரியா சுழற்சியில் வரும் கோளாறுதான். அது உள்ள ஒரு கைக்குழந்தைக்கு 2025-ல் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில், அந்தக் குழந்தையின் மரபணுப் பிறழ்வுக்கென்றே செய்த, மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் மருந்தைக் கொடுத்தார்கள். மருந்தைச் சுமந்துபோனது வைரஸ் இல்லை, கொழுப்பு நானோ துகள், அதனால் மூன்று டோஸ் வரை கொடுக்க முடிந்தது. டிஎன்ஏ எழுத்தே மாறுவதால் செல் பிரிந்தாலும் திருத்தம் கூடவே போகும். அதன் பிறகு குழந்தைக்குப் புரதத்தைக் கூட்டி, மருந்தைக் குறைக்க முடிந்திருக்கிறது.

ஈரல்ஆய்வு:
உண்மைதான், ஆனால் அது அந்த ஒரு பிறழ்வுக்கு மட்டும். ஓடிசி மரபணுவில் நூற்றுக்கணக்கான பிறழ்வுகள் உண்டு, எல்லாவற்றையும் ஓரெழுத்துத் திருத்தத்தில் சரிசெய்யவும் முடியாது.

மாற்றுக்குப்பின்:
என் மகளுக்குக் கல்லீரல் மாற்றியாகிவிட்டது. எதிர்ப்பை அடக்கும் மாத்திரை ஆயுசுக்கும் உண்டு, அது தொல்லைதான், மறைக்கவில்லை. ஆனால் புரதக் கணக்கு போய்விட்டது. போகாதது, மாற்றுவதற்கு முன்பு அம்மோனியா ஏறியபோது மூளைக்கு ஏற்பட்ட சேதம். எந்தச் சிகிச்சையும் அதைத் திருப்பித் தராது, ஜீன் தெரபியும்தான். உங்கள் மகனுக்குக் கடைசியாக ஏறியபோது எவ்வளவு இருந்தது?

இரவுக்காவல்:
400 தாண்டியது. டாக்டரிடம் கல்லீரல் மாற்றுக்குத் தேதி கேட்கிறேன். அவனுடைய பிறழ்வு எந்த வகை என்று அறிக்கையில் இருக்கும், அதையும் எடுத்து வைக்கிறேன்.