இலக்கியம் படித்தவள் வணிகச் செய்தியாளர் ஆகலாமா?

கேள்வி: வணிகச் செய்திப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும் காலாண்டு முடிவு என்றாலே தலை சுற்றுகிறது. எங்கிருந்து படிப்பது?

பதில்: பட்டம் கிடக்கட்டும். நிறுவனம் அனுப்பும் செய்திக்குறிப்பை ஓரமாக வையுங்கள். அதில் லாபம்தான் கொட்டை எழுத்தில் இருக்கும். நான் முதலில் பார்ப்பது, கையில் பணம் எவ்வளவு வந்தது, போனது என்று காட்டும் பணப்புழக்க அறிக்கையை. லாபம் ஏறியும் ரொக்கம் இறங்கினால், விற்றது வசூலாகாமல் நிற்கலாம். அப்புறம் தணிக்கையாளர் அறிக்கை, அடிக்குறிப்புகள். வில்லங்கமெல்லாம் பொடி எழுத்தில்தான்!

இன்னொருவர்: ஜெர்மனியின் மின்னணுப் பணப் பரிவர்த்தனை நிறுவனம் வயர்கார்டு நினைவிருக்கிறதா? ஃபைனான்சியல் டைம்ஸ் நாளிதழின் செய்தியாளர் டான் மெக்ரம் அதன் கணக்குகளை வருடக்கணக்கில் துருவினார். 2020இல் 190 கோடி யூரோவைக் காணோம் என்று கம்பெனியே கவிழ்ந்தது.

கேட்டவர்: சரி, என்னிடம் கொஞ்சம் பங்குகள் உண்டே?

பதில்: முதல் நாளே பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அந்த நிறுவனங்களைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும்.