மறு: ஓவர்ஃப்ளோவுக்கு என்ன சொல்? மதகா, கலிங்கா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டில் பெரிய மீன்தொட்டி கட்டுவதற்கான நம் கையேட்டில் 'ஓவர்ஃப்ளோ'வுக்கு (தொட்டிக்குள் இருக்கும் ஒரு தடுப்பைத் தாண்டி மிகுந்த நீர் வழிந்து கீழே இறங்கும் அமைப்பு) தமிழ்ச்சொல் இன்னும் முடிவாகாமல் கிடக்கிறது. வழிவுப் பெட்டி, மிகைநீர்ப் போக்கி, மதகு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலானோர் மதகு பக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. என் பரிந்துரை: கலிங்கு, அதாவது ஏரி நிரம்பினால் உபரிநீர் வழியும் தடுப்புச் சுவர்.

> மதகு எல்லோருக்கும் தெரிந்த சொல். தண்ணீர் வெளியேறும் வழிதானே மதகு?

ஏரியிலிருந்து தண்ணீர் வெளியேற இரண்டு வழிகள் உண்டு. மதகு கரையின் அடியில் இருக்கும். பாசனத்துக்கு வேண்டும்போது ஆள் போய்த் திறக்க வேண்டும், அப்புறம் மூட வேண்டும். ஏரி பாதிதான் நிறைந்திருந்தாலும் மதகைத் திறந்தால் தண்ணீர் போகும். கலிங்கில் திறக்கவும் மூடவும் எதுவும் இல்லை. நீர் அதன் உச்சிக்கு மேல் வந்தால் தானாக வழியும், மட்டம் இறங்கினால் தானாக நிற்கும். ஏரியின் முழு மட்டம் எது என்பதைக் கலிங்கின் உச்சிதான் தீர்மானிக்கிறது.

மீன்தொட்டியில் நடப்பதும் இதேதான். 8 அடி நீளம், 2.5 அடி அகலம், 2.5 அடி உயரத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 1,400 லிட்டர் பிடிக்கும். (தண்ணீர் மட்டுமே 1.4 டன். வீட்டு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். ஆகவே மாடியில் வைக்க நினைப்பவர்கள் முதலில் கட்டடப் பொறியாளரைப் பாருங்கள். இதைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே போட வேண்டும்.) ஸ்டாண்டுக்குள் இருக்கும் சம்ப்பிலிருந்து (வழிந்த நீர் வந்து சேரும் சின்னத் தொட்டி) பம்ப் தண்ணீரை மேலே தள்ளுகிறது. தள்ளிய அளவு தண்ணீர் கண்ணாடித் தடுப்பின் உச்சியைத் தாண்டி வழிந்து குழாயில் இறங்குகிறது. பம்ப்பை மாற்றினாலும் மேல்தொட்டியின் மட்டம் பெரிதாக மாறாது. தண்ணீர் ஆவியானாலும் குறைவது சம்ப்பில்தான், மேலே அல்ல. தடுப்பின் உச்சி இருக்கும் இடத்தில் மட்டம் நிற்கும். இதற்கு மதகு என்று பெயர் வைத்தால், படிப்பவர் இதை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று தேடுவார்.

இன்னொரு காரணமும் உண்டு. கரண்ட் போகும்போது என்ன ஆகும் என்பதைக் கலிங்கு என்ற சொல் உடனே சொல்லிவிடும். பம்ப் ஓடும்போது தண்ணீர் உச்சிக்கு மேல் ஓர் அங்குலம் நிற்பதாக வைத்துக்கொள்வோம். இந்தத் தொட்டியில் அந்த ஓர் அங்குலம் என்பது சுமார் 47 லிட்டர். பம்ப் நின்றதும் அது முழுவதும் கீழே வரும், அதோடு நிற்கும். சம்ப் 4 × 1.5 × 1.5 அடி என்றால் மொத்தம் 255 லிட்டர். மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விட்டிருந்தால் 85 லிட்டர் இடம் இருக்கிறது, பயமில்லை. ஆனால் பம்ப்பிலிருந்து மேலே ஏறும் குழாயின் வாய் உச்சிக்கு 4 அங்குலம் கீழே முங்கியிருந்தால், பம்ப் நின்றதும் அது சைபனாக மாறி, அதாவது தண்ணீர் அந்தக் குழாய் வழியே தானாகவே பின்னோக்கி இறங்கி, இன்னும் 190 லிட்டரை இழுத்துவிடும். கலிங்கைச் சுற்றிக்கொண்டு போகும் இந்த வழியை அடைக்கத்தான் அந்தக் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சின்னத் துளை போடுகிறார்கள். மட்டம் துளைக்கு வந்ததும் காற்று புகுந்து சைபன் அறுந்துவிடும். அதற்குக் 'காற்றுத்துளை' என்ற பெயர் போதும். பாசியோ நத்தையோ அதை அடைத்துவிடும், அடிக்கடி பார்க்க வேண்டும் என்பதையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும்.

> கலிங்கு கிராமத்துச் சொல். நகரத்தில் தொட்டி வைப்பவருக்குப் புரியுமா?

ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பிக் 'கலங்கல்' வழியாக உபரிநீர் போவதாகச் செய்தி வருகிறதே, அதுவும் இதே சொல்தான். வட மாவட்டங்களில் ஏரி 'கோடி போகிறது' என்பார்கள், தெற்கே குளம் 'மறுகால் பாய்கிறது' என்பார்கள். கோடிக்கு வேறு பொருள்கள் அதிகம். மறுகால் வழிந்த நீர் ஓடும் கால்வாயையும் குறிக்கும். தடுப்புச் சுவரையே நேராகச் சுட்டுவது கலிங்கு. புரியாதவருக்கு ஒரு வரி விளக்கம் போதும். மிகைநீர்ப் போக்கிக்கும் அந்த ஒரு வரி வேண்டியிருக்குமே!

கலிங்கு என்று வைத்துக்கொண்டால் மற்றவையும் எளிதாகின்றன. தடுப்பின் உச்சியில் மீன் போகாமலிருக்கப் பல்பல்லாக வெட்டிய பகுதி 'கலிங்குச் சீப்பு'. ஏரிக் கலிங்குகளிலும் மேலே வரிசையாகக் கல் நட்டிருப்பார்கள். அது இடைவெளியை அடைத்து மட்டத்தை உயர்த்திக்கொள்வதற்கு, நோக்கம் வேறு. ஆனால் தோற்றம் அப்படியே இருக்கும். கீழே போகும் குழாய் 'இறங்குகுழாய்'. அது அடைத்துக்கொண்டால் காப்பாற்றும் இரண்டாவது குழாய் 'மாற்று இறங்குகுழாய்'. மதகையும் தூக்கி எறிய வேண்டாம். இறங்குகுழாயில் ஓட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கேட் வால்வு வைக்கிறோம் அல்லவா? கையால் திருகித் திறந்து மூடும் அதற்கு 'மதகு வால்வு' நன்றாகவே பொருந்தும்.

சம்ப் பற்றி இன்னும் தெளிவு வரவில்லை. வீட்டில் சம்ப் என்றால் தரைக்கடியில் இருக்கும் குடிநீர்த் தொட்டி என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். 'கீழ்த்தொட்டி' இடத்தை மட்டும் சொல்கிறது. 'வடிதொட்டி' வடிந்து வருவதைச் சொல்கிறது, வடிகட்டுவதையும் நினைவூட்டுகிறது. நான் வடிதொட்டி பக்கம் சாய்கிறேன். ஆனால் சிலர் சம்ப்பைத் தொட்டிக்குப் பக்கத்து அறையில், வடிகட்டி எதுவும் இல்லாமல், கூடுதல் நீர் வைக்க மட்டும் பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்கும் இந்தச் சொல் ஒத்துவருமா? தொட்டி கட்டிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.