தோடு குத்தின காது புண்ணாகுது, தோடும் நிக்குதில்லை

பட்டிக்கரை (தம்பலகாமம்)

எல்லாருக்கும் வணக்கம். பட்டியில நாட்டு மாடு 38, ஜேர்சிக் கலப்பு 9, கன்று 17 நிக்குது. பெரும்போக விதைப்புத் தொடங்கினா வயல்வெளியில நிப்பாட்டேலாது, காட்டுப் பக்கம் ஏத்தவேணும். அதுக்கு முதல் எல்லாத்துக்கும் அடையாளக் காதுத் தோடு (எண் தட்டு) போட்டு முடிக்க யோசனை.

போன முறை கார்த்திகை மழைக்குள்ள 30 உருப்படிக்குக் குத்தினதில 11 தோடு விழுந்திட்டுது. நாலு மாட்டுக்குக் காது விளிம்பு வரைக்கும் கிழிஞ்சு போச்சு. ரெண்டு கன்றுக்குப் புழு. தோடு குத்துற குறடு ஒரு கொம்பனியின்ர, தோடு இன்னொரு கொம்பனியின்ர. பிளாஸ்ரிக் ரெட்டைத் தட்டு, மஞ்சள்.

காதில சரியான இடம் எது? எத்தனை நாள் கன்றுக்குக் குத்தலாம்? எந்த மாதம் நல்லது? புண்ணுக்கு என்ன போடுறது? பழைய ஆக்கள் கழிவு ஒயில் பூசச் சொல்லுகினம்.

மருந்துப்பெட்டி

தம்பி, பாதிப் பதிலை நீங்களே எழுதிப்போட்டீங்கள். மழைக்குள்ள குத்தினது ஒரு பிழை, குறடும் தோடும் சோடி இல்லாதது மற்றப் பிழை.

முதல்ல குறடு. தோட்டில கூர் முனை உள்ளது ஆண் தட்டு, அது பூட்டுற குழி உள்ளது பெண் தட்டு. ஆண் தட்டின்ர முனை, குறட்டு ஊசியில ஏறி அடி வரைக்கும் இறுகி இருக்கவேணும். வேற கொம்பனித் தோட்டுக்கு ஊசி ஒரு மில்லிமீற்றர் கட்டையா இருந்தாலே முனை பெண் தட்டின்ர குழிக்குள்ள முழுசாப் பூட்டாது. குத்தேக்க பூட்டின மாதிரித் தெரியும், ரெண்டு கிழமையில கழண்டு விழும். ஊசி நீளமெண்டா பெண் தட்டின்ர மூடியைக் குத்திக் கிழிச்சுப் போடும். மாட்டில வைக்க முதல் தோட்டை ஏத்தி, குறட்டை மெல்லமா மூடிப் பாருங்கோ. முனை குழியின்ர நடுவில போய் நிக்கவேணும். ஒரு பக்கம் சரிஞ்சா ஊசி வளைஞ்சிருக்கு. ஊசியை மட்டும் தனியா மாத்தலாம், குறடு புதுசு வாங்கத் தேவையில்லை.

இடம்: காதை உள்பக்கமாப் பாத்தா அடியிலிருந்து நுனி நோக்கித் தடிச்ச குருத்தெலும்பு வரம்பு ரெண்டு ஓடுறது தெரியும். அந்த ரெண்டுக்கும் இடையில உள்ள மெல்லிய பள்ளம்தான் இடம். நீளவாக்கில, தலையிலிருந்து காதின்ர மூண்டில ஒரு பங்கு தாண்டி, நடுப்பகுதிக்கு மிஞ்சாமல். வரம்புக்கு மேல குத்தினா இரத்தம் கூட வரும், குருத்தெலும்பு நசிஞ்சு சீழ் பிடிக்கும். நுனிக்குக் கிட்டப் போனா தோடு ஆடி ஆடி விளிம்பைக் கிழிக்கும், உங்கட நாலு மாட்டுக்கும் நடந்தது இதுதான். தலைக்கு மிச்சம் கிட்ட வைச்சா அங்க காது தடிப்பு, தண்டு இறுகிக் காத்துப் படாமல் அழுகும். வெளிச்சத்துக்கு எதிரே காதை விரிச்சுப் பிடிச்சா இரத்தக் குழாய் தெரியும். கறுத்த மாட்டில தெரியாது, விரலால தடவிப் பாக்கவேணும்.

ஊசி போற திசையும் முக்கியம். ஆண் தட்டு காதின்ர பின்பக்கத்தால போய், பெண் தட்டு முன்பக்கம், உட்காதில வரவேணும். பின்பக்கம் தட்டையான சின்னத் தலைதான் இருக்கும், செடியில மாட்டாது. மாறிக் குத்தினா கூர் முனை பின்னுக்கு நீட்டிக்கொண்டு நிண்டு, சூரை முள்ளிலயும் கம்பிவேலியிலயும் இழுபடும்.

குறட்டை ஒரே மூச்சில அமத்தி உடனே விடவேணும். தயங்கித் தயங்கி அமத்தினா மாடு தலையை இழுக்கும், குறடு காதோட போகும். ‘டக்’ எண்டு ஒரு சத்தம் கேக்கும். கேக்காட்டித் தட்டு ரெண்டும் பூட்டியிருக்கோ எண்டு விரலால பாருங்கோ.

சுத்தம்: காது நனைஞ்சோ சேறாயோ இருக்கக்கூடாது. பஞ்சில சத்திரசிகிச்சை ஸ்பிரிட் நனைச்சு ரெண்டு பக்கமும் துடைச்சுக் காயவிடுங்கோ. ஒவ்வொரு மாட்டுக்கும் இடையில குறட்டு ஊசியை 0.5 சதவீதக் குளோர்ஹெக்சிடினில முக்கவேணும். இரத்தம் ஒட்டின ஊசியால அனாப்பிளாஸ்மா மாதிரி இரத்த நோய் ஒரு மாட்டிலிருந்து மற்றதுக்குப் போகும். 20 உருப்படிக்கு ஒருக்கா, அல்லது கலங்கினவுடன, கரைசலை மாத்துங்கோ. ஆண் தட்டின்ர முனையில கொஞ்சம் அயடீன் களிம்பு தடவிக் குத்தினா மருந்து துவாரத்துக்குள்ளேயே போய்ச் சேரும்.

கழிவு ஒயில் வேண்டாம். அதில உலோகத் தூளும் அமிலமும் இருக்கு, புண்ணின்ர புதுத் தோலைக் கருக்கிப் போடும், பால் மாடு நக்கினா உள்ளுக்கும் போகும். தண்ணி சேர்க்காத டெற்றோலும் அப்பிடித்தான். 10 சதவீதப் பொவிடோன் அயடீன் ஒரு பங்குக்குக் கொதிச்சாறின தண்ணி 9 பங்கு கலந்து கழுவினாக் காணும்.

கிண்ணியாக் கரை

அண்ணன் சொன்னது சரி. ஆனா இந்தப் பக்கத்து மாடு நிண்டு காது காட்டுற மாடில்ல. காடு மேய்ஞ்ச நாம்பன் ஒண்டைக் கயித்தில கட்டி நாலு பேர் பிடிச்சாலும் தலை ஆடும். தோடு பிழைக்கிறதில பாதி, பிடி பிழைக்கிறதால.

பட்டி வாசல்ல ஒடுங்கின வழி ஒண்டு கட்டுங்க தம்பி. நாட்டு மாட்டுக்கு உள்ளகலம் 60 சென்ரிமீற்றர் காணும், எருமைக்கு 75. உயரம் 5 அடி. பாலை, முதிரைக் கம்பு எண்டா நிண்டு பிடிக்கும். முன்னுக்கு தலை வாற இடத்தில ரெண்டு நெட்டுக் கம்பு, ஒண்டு நிலையா, மற்றது அடியில ஆணி போட்டு மேல சரிஞ்சு வந்து கழுத்தை அணைக்கிற மாதிரி. கழுத்து அடைபட்ட உடனே மூக்கில கயிறு போட்டுத் தலையை ஒரு பக்கம் கம்போட சேத்துக் கட்டிப் போட்டுத்தான் குறட்டைத் தூக்கணும். குத்துற ஆள் வழிக்கு உள்ளுக்க நிக்கப்படாது, கம்புக்கும் மாட்டுத் தலைக்கும் இடையில கையை விடவும் படாது.

கன்றுக்கு இது ஒண்டும் வேண்டாம். ஒரு ஆள் சுவரோட அணைச்சு ஒரு கையால தாடை, மறு கையால வால் அடி பிடிச்சாச் சரி. தாய் மாட்டை முதல்ல வேற அடைப்பில விட்டிருங்க.

வயது: ஒரு கிழமையில குத்தலாம் எண்டு எழுதுவாங்க. நாட்டுக் கன்றின்ட காது அந்த நேரம் வெத்திலை மாதிரி, பெரிய தட்டுப் போட்டா காது மடிஞ்சு தொங்கும், துவாரம் இழுபட்டு நீளும். பெரிய தட்டெண்டா ரெண்டு மாசத்துக்குப் பிறகு. அவசரமெண்டா சின்னப் பொத்தான் தோடு போடுங்க.

இரும்புக் கிளிப் தோடு வேற கணக்கு. அது காதின்ட மேல் விளிம்பில, தலைக்குக் கிட்ட மாட்டுறது. கன்று வளரும் எண்டு விளிம்புக்கும் கிளிப் வளைவுக்கும் இடையில ஒரு சென்ரிமீற்றர் இடம் விடணும். விடாட்டி ஆறு மாசத்தில காதை வெட்டிக்கொண்டு உள்ளுக்க புதையும்.

எருமை வைச்சிருக்கிறவங்களுக்கு ஒரு சொல்: குத்தி ஒரு கிழமைக்குச் சேத்துக் குளத்தில விடாதீங்க. குடிக்கத் தண்ணியும் மேல ஊத்தத் தண்ணியும் பட்டியிலேயே குடுங்க.

மருந்துப்பெட்டி

கன்று வயதில கிண்ணியாக் கரை சொல்லுறதுதான் சரி, நான் அதை விட்டிட்டன். புத்தகத்தில உள்ள வயது பெரிய சாதிக் கன்றுக்கு.

மாதக் கேள்விக்கு வாறன். எங்கட பக்கம் ஐப்பசி நடுவிலிருந்து தை வரைக்கும் மழையும் இலையானும். துவாரம் ஆற 2 முதல் 3 கிழமை எடுக்கும், அதுக்குள்ள மாடு கண்பார்வையில நிக்கவேணும். காட்டுக்கு ஏத்த முதல் நாலு கிழமை எண்டு வைச்சா ஆவணிக் கடைசி, புரட்டாதித் தொடக்கம். கச்சான் காத்து ஓயுற நேரம், நிலமும் காஞ்சிருக்கும். காலமை 9 மணிக்கு முதல் முடியுங்கோ. வெயில்ல கிடந்த தோடு இளகி ஊசியோட வளையும், பெட்டியை நிழல்ல வையுங்கோ.

3ஆம், 7ஆம், 14ஆம், 21ஆம் நாள் பாக்கவேணும். முதல் நாலு நாள் கொஞ்ச வீக்கம், காஞ்ச பொருக்கு சாதாரணம். பொருக்கை உரிக்கவோ தோட்டைச் சுத்தவோ வேண்டாம், ஆறுற தோல் திரும்ப உடையும். நாத்தம், ஒரு பக்கம் காது தொங்குறது, தலையை உதறிக்கொண்டே நிக்கிறது, காகம் வந்து காதைக் கொத்துறது, இதில ஒண்டு கண்டாலும் பிடிச்சுப் பாருங்கோ.

புழு எண்டா பிந்தாதீங்கோ. ஈ முட்டை போட்டா ஒரு நாளைக்குள்ள பொரிச்சு, புழு தலையை உள்ள விட்டு இறைச்சியைக் குடைஞ்சு போகும். ரேர்பன்ரைன் நனைச்ச பஞ்சைத் துவாரத்தில 10 நிமிசம் வைச்சா மேல வரும். சாமணத்தால ஒவ்வொண்டா எடுத்து எரிச்சுப்போடுங்கோ, நிலத்தில விட்டா அது கூடாகி ஈயாத் திரும்பி வரும். பிறகு அயடீன் தண்ணி, சுத்திவர வேப்பெண்ணெய். தோடு புண்ணுக்குள்ள புதைஞ்சிருந்தா இழுக்காமல், பின்பக்கத் தலைக்கும் காதுக்கும் இடையில தண்டைக் கம்பி வெட்டுற குறட்டால வெட்டி எடுங்கோ. ஆழமான புழுவுக்கு ஐவர்மெக்ரின் போடுவினம், 1 சதவீத மருந்து 50 கிலோ உடம்புக்கு 1 மில்லிலீற்றர், தோலுக்கடியில. ஆனா அது பாலில போகும், கறவை மாட்டுக்குப் போடப்படாது. கன்றுக்கும் மிருக வைத்தியர் பாத்த பிறகுதான்.

பட்டிக்கரை

பெரிய உபகாரம் அண்ணை, நானா. ஒழுங்கை கட்டத் தொடங்கப் போறன். இன்னொண்டு: மின்தோடு எண்டு ஒண்டு விக்கினம். அதைப் போட்டா மாடு காட்டில எங்க நிக்குது எண்டு போனில பாக்கலாமாம், உண்மையோ? களவு போற மாட்டுக்கு உதவுமோ?

வெள்ளைச்சுட்டி

அப்படிச் சொல்லி விற்பவரிடம் வாங்க வேண்டாம். பொத்தான் வடிவ மின்தோட்டுக்குள் மின்கலமே இல்லை. ஒரு செப்புச் சுருளும் சிறு சில்லும்தான். வாசிப்புக் கருவி அனுப்பும் அலையில் ஒரு கணம் உயிர் பெற்று, தன் 15 இலக்க எண்ணைத் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான். கைக்கருவியென்றால் ஒரு சாண், கூடினால் இரண்டு சாண் தூரம். சுற்றிவர இரும்புக் குழாய் அடைப்பு இருந்தால் அதுவும் குறையும், ஆகவே மரக் கம்பு வழி ஒருவகையில் நல்லது.

கைபேசியும் அதை வாசிக்காது. மாட்டுத் தோடு 134.2 கிலோஹேர்ட்ஸ் அலையில் பேசும், கைபேசியில் உள்ள என்.எஃப்.சி. 13.56 மெகாஹேர்ட்ஸ். இரண்டும் வேறு பாஷை. கருவி வாங்கும்போது மின்தோட்டுக்கான சர்வதேசத் தரங்களான ஐ.எஸ்.ஓ. 11784, 11785 இரண்டுக்கும் பொருந்துமா, எஃப்.டி.எக்ஸ்., எச்.டி.எக்ஸ். என்ற இரு வகை மின்தோட்டையும் வாசிக்குமா என்று கேளுங்கள். எண்ணின் முதல் மூன்று இலக்கம் நாட்டுக் குறியீடு, இலங்கைக்கு 144. 900 அல்லது அதற்கு மேல் தொடங்கினால் அது பொதுவாகத் தயாரிப்பாளர் எண். அந்த எண்ணுக்கு ஒரு பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டால் அது வெறும் எண்தான்.

64 மாட்டுக்கு நான் மின்தோடு சொல்லமாட்டேன். தூரத்தில் நின்று கண்ணால் வாசிக்கிற பெரிய மஞ்சள் தட்டு, கறுப்பு எழுத்து போதும். லேசரில் பொறித்ததே நிலைக்கும். கையால் எழுதுவதென்றால் தோட்டுக்கென்று வரும் மைப்பேனை, இரண்டு தரம். சாதாரண மார்க்கர் பேனை நம் வெயிலில் சில மாதத்தில் வெளிறும். பிறந்த ஆண்டின் கடைசி இலக்கமும் வரிசை எண்ணுமாக வைத்தால், 5-07 என்றதும் 2025இல் பிறந்த ஏழாவது கன்று என்று தெரியும். பலபேர் மாடு ஒரே பட்டியில் நின்றால் ஆளுக்கொரு நிறம்.

களவுக்குத் தோடு தடையில்லை, ஒரு நிமிட வெட்டு. சிலர் காதையே அறுத்துவிடுவார்கள். அங்கே குறிசூடுதான் நிற்கும். இரும்பு சிவக்கச் சுடக்கூடாது, சாம்பல் நிறத்தில் இருக்கவேண்டும். உலர்ந்த தோலில் 3 முதல் 5 வினாடி. நனைந்த தோலில் ஆவி பரவி எழுத்து ஊறிப்போகும். 8, ஓ போன்ற மூடிய எழுத்தில் ஒரு இடத்தில் இடைவெளி வெட்டி வையுங்கள், இல்லாவிட்டால் நடுத்தோல் முழுதும் வெந்து உதிரும்.

அதோடு படமும் எடுத்து வையுங்கள்: இரு பக்கமும், நெற்றி, கொம்பு. மூக்கு ரேகையும் எடுக்கலாம், மனிதக் கைரேகை போல ஒன்றுக்கொன்று மாறும். மூக்கு எப்போதும் வியர்க்கும், துடைத்த உடனே முத்திரை மையை ஒற்றி, பலகையில் ஒட்டிய தாளை மேலுதட்டிலிருந்து மேலே உருட்டுங்கள். மூன்று எடுத்தால் ஒன்று தெளிவாக வரும்.

கொப்பியில் தோட்டு எண், ஆணா பெண்ணா, நிறம், தாய், பிறந்த திகதி, தடுப்பூசித் திகதி, குறி எழுதுங்கள். செவலை, மயிலை என்று மட்டும் எழுதினால் பத்து மாடு பொருந்தும், சுட்டி எந்தப் பக்கம், வால் நுனி என்ன நிறம் என்பதும் வேண்டும். விற்கும்போது உரிமைச் சீட்டு, ஏற்றும்போது சுகாதாரச் சான்று, போக்குவரத்து அனுமதி, இவற்றில் எழுதும் அடையாளமும் மாட்டில் இருப்பதும் ஒன்றாக இருக்கவேண்டும். வீதித் தடையில் பார்ப்பது அதைத்தான்.

பட்டிக்கரை

கடைசியா ஒண்டு. காது கிழிஞ்ச நாலுக்கும் அதே காதில திரும்பக் குத்தலாமோ? விழுந்த தோட்டை எடுத்து வைச்சிருக்கிறன்.

மருந்துப்பெட்டி

மற்றக் காதில குத்துங்கோ. கிழிஞ்ச காது ஆறினாலும் தழும்புத் தோல் இழுவையைத் தாங்காது. விழுந்த தோடு திரும்பப் பாவிக்கேலாது, ஆண் முனை ஒருக்காப் பூட்டினா வாய் விரிஞ்சிடும். புதுத் தோட்டில பழைய எண்ணையே எழுதலாமெண்டா எழுதுங்கோ. அலுவலகத்தால போட்ட எண் எண்டா அங்க போய்ச் சொல்லி, பழைய எண்ணுக்கு நேர புது எண்ணையும் மாத்தின திகதியையும் பதிஞ்சு எடுங்கோ. பழைய தோட்டை வெட்டி எறியுங்கோ, கண்ட இடத்தில கிடக்க விடாதேங்கோ, வேற மாட்டின்ர காதில போய் நிக்கும்.