இங்கிலாந்தில் பல் டாக்டர்: கறைக்கும் கோணலுக்கும் பணம் கட்டுவதற்கு முன்

விசாவோடு ஹெல்த் சர்சார்ஜ் கட்டியாயிற்றே, பல்லும் அதில் சேர்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. என்ஹெச்எஸ் எனும் அரசு மருத்துவ சேவையின் பல் மருத்துவத்துக்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பெரியவர்கள் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். 2025 ஏப்ரல் நிலவரப்படி பரிசோதனை, எக்ஸ்ரே வரை முதல் படி 27.40 பவுண்டாக இருந்தது. அடைப்பு, ரூட் கெனால், பல் பிடுங்குதல் இரண்டாம் படி, 75.30. கேப், பல்செட் மூன்றாம் படி, 326.70. ஒரே சிகிச்சைத் திட்டத்தில் மூன்று சொத்தையை அடைத்தாலும் இரண்டாம் படிக் கட்டணம் ஒரு தடவைதான். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பிள்ளை பெற்று 12 மாதம் வரை தாய்க்கும் இலவசம். வருமானம் குறைவு என்றால் கட்டண உதவி கேட்கும் ஹெச்சி1 படிவம் போடுங்கள். மாணவர்கள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஜிபி எனும் குடும்ப டாக்டரிடம் போல வீட்டு முகவரியைப் பார்த்துச் சேர்க்கும் முறை இங்கே கிடையாது. எந்த ஊர் கிளினிக்கும் உங்களை எடுக்கலாம், இடம் இருந்தால். சிக்கலே அந்த இடம்தான். என்ஹெச்எஸ் தளத்தில் தேடுவதோடு நிற்காமல் ஒவ்வொரு கிளினிக்காகப் போன் போட்டு, "என்ஹெச்எஸ்ஸில் புது ஆள் எடுக்கிறீர்களா, காத்திருப்போர் பட்டியல் உண்டா" என்று கேளுங்கள். வலி வருவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். வீக்கமோ தாங்க முடியாத வலியோ வந்தால் என்ஹெச்எஸ்ஸின் 111 எண்ணுக்குப் போன் போடுங்கள்.

இனி பல்லின் நிறம். காரணம் தெரியாமல் வெள்ளையாக்கப் போவது வீண் செலவு. டீ, வெற்றிலை, சிகரெட், இரும்புச்சத்து சிரப், குளோர்ஹெக்சிடின் வாய்கழுவி இவற்றால் வரும் கறை மேலாக ஒட்டியது. க்ளீனிங்கிலேயே பெரும்பாலும் போய்விடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி, அனுராதபுரம் பக்கம் ஃபுளோரைடு மிகுந்த கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு வரும் வெள்ளைத் திட்டும் பழுப்பும் வேறு வகை. அது பல் உருவாகும்போதே எனாமலுக்குள் பதிந்தது, தேய்த்துப் போகாது. பல் டாக்டர் மேல்படலத்தை மெல்லச் சுரண்டுவதோ ரெசின் என்ற பிசினை ஊட்டுவதோ பலன் தரும். ஒரே ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமானால் எப்போதோ அடிபட்டு உள்ளே நரம்பு செத்திருக்கலாம். அதற்கு முதலில் எக்ஸ்ரே. கேப்பும் அடைப்பும் ப்ளீச்சில் நிறம் மாறாது. சுற்றியுள்ள பல் மட்டும் வெளுத்து, அவை தனியாகத் துருத்தித் தெரியும்.

பியூட்டி பார்லரில் பல் வெளுக்கிறவர்களிடம் போகாதீர்கள், அது இங்கே சட்டவிரோதம். 0.1 சதவீதத்துக்கு மேல், அதிகபட்சம் 6 சதவீதம் வரை உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற வெளுக்கும் மருந்து, பல் மருத்துவர் வழியாகத்தான் கிடைக்க வேண்டும். ஆளின் பெயர் பல் மருத்துவர்களைப் பதிவு செய்யும் ஜெனரல் டென்டல் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. அழகுக்காக மட்டும் வெளுக்க என்ஹெச்எஸ் பணம் தராது.

தெத்துப்பல், எத்துப்பல் என்றால் பிள்ளைகளுக்குச் சிகிச்சை எவ்வளவு தேவை என்று காட்டும் ஐஓடிஎன் என்ற அளவுகோலில் மதிப்பெண் போடுவார்கள். 4, 5 என்றால் கம்பி இலவசம்; 3 என்றால் தோற்றத்தையும் பார்த்து முடிவு. வரிசை நீளம், 18 வயது எல்லை வேறு. ஞானப்பல் தவிர மற்ற நிலைப்பற்கள் முளைத்து வரும் வயதிலேயே, பதினொன்று பன்னிரண்டில், பல் டாக்டரிடம் பரிந்துரை கேட்டு வாங்குங்கள். பெரியவர்களுக்கு அநேகமாகத் தனியார்தான்.

ஊரில் கம்பி போட்டுப் பாதியில் கிளம்புகிறவர்களுக்கு: இங்குள்ளவர்கள் இன்னொருவர் போட்ட கம்பியை ஏற்கத் தயங்குவார்கள். முடிந்தால் முடித்துவிட்டு வாருங்கள். முடியாவிட்டால் எக்ஸ்ரே, பல் அச்சு, தொடக்கப் புகைப்படம், எந்த வகைக் கம்பி, இன்னும் என்ன வேலை பாக்கி என்று எழுதிய கடிதம், எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.